ரவாவின் மூச்சும் நான் போட்ட புகையும்

முயலுக்குச் சளி பிடித்த கதையை எழுத ஒருத்தி வந்துவிட்டாளே என்று சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். போன வருடம் வரை நானும் அப்படிச் சிரிக்கிறவள்தான். செவ்வாய்க்கிழமை விளக்குப் பூசையில் அக்கா தங்கைகள் எல்லோரும் மாரியாத்தா தங்களுக்குச் செய்ததைச் சொல்லும்போது நான் வாயைத் திறந்ததே இல்லை. மற்ற எல்லா இடத்திலும் எனக்கு வாய் நீளம். அந்த வாயால்தான் இந்தக் கதையே ஆரம்பித்தது.

எங்கள் ஊர் சங்கராபுரத்தைத் தாண்டி, கல்வராயன் மலை அடிவாரத்தில் இருக்கிறது. எனக்கு ஒரே மகள், பவித்ரா. போன ஆவணியில் அவளுக்கு ஒரு வரன் வந்தது. அவள் வேண்டாம் என்றாள். ஓசூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது, போகிறேன் என்றாள். எனக்கு ஆத்திரம் கண்ணை மறைத்தது.

"போனா போ. இனிமே என் மூஞ்சில முழிக்காத" என்றேன்.

அவள் பையை எடுத்துக்கொண்டு சின்னசேலம் பஸ் ஏறினாள். அங்கிருந்து சேலம், சேலத்திலிருந்து ஓசூர். நான் வாசலுக்குக்கூடப் போகவில்லை.

அவள் விட்டுவிட்டுப் போனது ஒரு முயல். வறுத்த ரவை நிறம், அதனால் பெயர் ரவா. பன்னிரண்டாவது படிக்கும்போது திருவிழாக் கடையில் வாங்கி வந்தாள். அன்றைக்கு உள்ளங்கையில் அடங்கும் அளவுதான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் அப்பா போனுக்கு வீடியோவில் கூப்பிடுவாள். அவர் கரும்பு வெட்டப் போகிறவர், அன்றைக்கு மட்டும் வீட்டில் இருப்பார். நாலு வார்த்தை பேசிவிட்டு, "ரவாவக் காட்டுப்பா" என்பாள். நான் ரவாவைத் தூக்கிப் பிடிப்பேன். போனில் என் கை மட்டும் தெரியும். அவள் என்னைக் கேட்க மாட்டாள். நானும் பேச மாட்டேன். அவள் முயலோடு கொஞ்சுகிற அந்த ஐந்து நிமிடக் குரலுக்காக வாரத்தின் ஆறு நாளும் காத்திருப்பேன். யாரிடமும் இதைச் சொன்னதில்லை.

தை மாதம் மலையிலிருந்து பனி இறங்கியபோது ரவா தும்ம ஆரம்பித்தது. மூக்கில் தண்ணீர் வடிந்தது. ஒரு ஞாயிறு பவித்ரா அதைப் பார்த்துவிட்டாள். "அப்பா, அதுக்கு மூக்கு ஏன் ஈரமாக் கீது?" என்று கேட்டாள். நான் சட்டென்று முந்தானையால் துடைத்துவிட்டேன்.

சளி என்றால் எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். பவித்ரா கைக்குழந்தையாக இருந்தபோது தலைக்கு ஊற்றிவிட்டுச் சாம்பிராணிப் புகை காட்டுவேன். சளி இருந்தால் தணலில் ஓமமும் தூவுவேன். குழந்தை நன்றாகத் தூங்கும். அதையே ரவாவுக்கும் செய்தேன். நாய்க்குப் பயந்து கூண்டை வீட்டுக்குள், சாமி மாடத்துக்குப் பக்கத்தில்தான் வைத்திருந்தேன். சங்கராபுரம் சந்தையில் ஒரு மலைக்காரம்மாவிடம் நல்ல சாம்பிராணி வாங்கினேன். குளிருக்கு ஜன்னலைச் சாத்தினேன். கூண்டின் மேல் சாக்கைப் போர்த்தி அடியில் தூபக்காலை வைத்தேன். காலை ஒரு தரம், மாலை ஒரு தரம். கூண்டுக்குள் விரித்திருந்த சாக்கு மூத்திரத்தில் ஊறி வாடை அடிக்கும். அதற்கும் சேர்த்துப் புகை போட்டேன். எல்லாம் ஆத்தா பெயரைச் சொல்லித்தான். தும்மல் ஜாஸ்தியானது. நானும் சாம்பிராணியை ஜாஸ்தியாக்கினேன்.

மாசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை ரவா சாப்பாட்டை நிறுத்திவிட்டது. முருங்கைக்கீரை வைத்தது வைத்தபடி கிடந்தது. தலையை மேலே தூக்கிக்கொண்டு, விலா இரண்டும் ஏறி இறங்க, கர் கர் என்று மூச்சு விட்டது.

கரும்பு வெட்டக் கிளம்பிய என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "மொசலு தான? செத்தா வேற ஒண்ணு வாங்கிக்கினு வரேன். அதே கலர்ல. போன்ல அவளுக்கா தெரியப்போவுது?" என்றார்.

"அவளுக்குத் தெரியுங்க" என்றேன். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள். முயல் போய்விட்டால் அவள் எதைக் காட்டச் சொல்லிக் கூப்பிடுவாள்? நான் எதைச் சாக்கு வைத்து அவள் குரலைக் கேட்பேன்?

மணலூர்பேட்டைப் பக்கம் என் தாய்வீட்டு ஊரில் மாரியம்மன் கோயில் இருக்கிறது. ரவாவை மூங்கில் கூடையில் வைத்து, துண்டால் மூடி, அன்றைக்கே பஸ் ஏறினேன். தீர்த்தம் வாங்கி அதன் தலையில் தெளித்தேன். "ஆத்தா, எனக்குத் தெரிஞ்சதெல்லாம் பண்ணிட்டேன். இனிமே இன்னா பண்றதுன்னு தெரியல. வழியக் காட்டு. என் பொண்ணு குரல எங்கிட்டருந்து எடுத்துக்காத" என்று சொல்லி அழுதேன். உண்டியலில் போட்டதைவிட அழுததுதான் அதிகம்.

திரும்பி வரும்போது சங்கராபுரத்துக்கு முன்னாலேயே பஸ் டயர் பஞ்சராகிவிட்டது. எல்லோரும் இறங்கினோம். நான் கூடையோடு நின்ற இடம் ஒரு கால்நடை மருந்தகத்தின் வாசல். அங்கெல்லாம் மாடு, ஆடுதான் பார்ப்பார்கள் என்று நினைத்திருந்தேன். ஆட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒருவர் கூடையைப் பார்த்தார்.

"இன்னா யக்கா, மொசலா? உள்ள எடுத்துக்கினு போங்க, பாப்பாங்க."

உள்ளே ஒரு பெண் டாக்டர். ரவாவின் முன்னங்காலைத் தூக்கிக் காட்டினார். உள்பக்கத்து முடியெல்லாம் ஒட்டிக் காய்ந்து கிடந்தது. பாவம், அதுவே தன் மூக்கைத் துடைத்துத் துடைத்து இப்படி ஆகியிருக்கிறது. நான் மூக்கைத்தான் துடைத்தேனே தவிர, காலைப் பார்த்ததே இல்லை. டாக்டர் குனிந்து அதை முகர்ந்தார்.

"என்னம்மா, முயல் மேல சாம்பிராணி வாசனை அடிக்குது?"

நான் பெருமையாகச் சொன்னேன். ஓமம் போட்டதையும், சாக்கின் மூத்திர வாடைக்குப் போட்டதையும் விடாமல் சொன்னேன்.

"அம்மா, முயல் நம்மள மாதிரி வாயால மூச்சு விடாது. மூக்குதான் அதுக்கு எல்லாம். அது அடைச்சிருக்கும்போது புகையும் போட்டீங்கன்னா எங்க போவும் அது? அந்த மூத்திர வாடையும் அதுக்கு ஆவாது."

அவர் திட்டியிருந்தால் எனக்குத் தேவலை. நான் அந்த மேசையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். வழியைக் காட்டு என்று கேட்டேன் அல்லவா, ஆத்தா முதலில் என் கையைத்தான் காட்டினாள். நல்லது என்று நினைத்து மூச்சை அடைத்த கை. மகளுக்கும் அதைத்தானே செய்தேன்.

டாக்டர் ஊசி போட்டார். வாயில் விடும் மருந்தும், ஊசியில்லாத சிரிஞ்சும் கொடுத்தார். சாப்பிடாவிட்டால் கீரையைக் கூழாக அரைத்துச் சிரிஞ்சில் ஊட்டச் சொன்னார். கூண்டைக் காற்று வரும் இடத்தில் வை, சாக்கைத் தினமும் மாற்று, புகையே கூடாது என்றார். "முழுசாப் போயிடும்னு சொல்ல மாட்டேன். பனி வந்தா திரும்ப வரலாம். பாத்துக்கணும்" என்றார்.

வெள்ளிக்கிழமையும் அதுவுமாக, அன்று மாலை வீட்டில் சாம்பிராணி இல்லாமல் விளக்கேற்றினேன். ஆத்தாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுத் தூபக்காலைக் கழுவிக் கவிழ்த்தேன். ஜன்னலைத் திறந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரர் போனை வைத்துவிட்டு ரவாவுக்கு அருகம்புல் பறிக்கப் போயிருந்தார். போன் அடித்தது. வேறு யாரும் இல்லை. எடுத்தேன். அதை எந்தப் பக்கம் திருப்புவது என்று எனக்குத் தெரியாது, என் முகமே அதில் விழுந்தது. அவள் முகமும் எதிரில் தெரிந்தது. கன்னம் ஒட்டியிருந்தது. ஆறு மாதம் கழித்துப் பார்க்கிறேன்.

"ரவாவுக்கு ஒடம்பு சரியில்ல பவி. நான்தான் புகை போட்டுக் கெடுத்துட்டேன். எல்லாம் நான்தான்" என்றேன். ரவாவை மட்டும் சொல்லவில்லை என்று அவளுக்குப் புரிந்திருக்கும்.

"எனக்கும் அப்படித்தான போடுவ. நான் இருமிக்கினே தூங்குவேன்" என்றாள். அவள் கண்ணும் கலங்கியிருந்தது. நான் போனை ரவா பக்கம் கொண்டுபோனேன்.

"அதுகிட்ட அப்புறம் போலாம். உன் மூஞ்சியக் காட்டும்மா" என்றாள்.

ஐந்தாம் நாள் ரவா தானாக அருகம்புல் கடித்தது. இன்றுவரை இருக்கிறது. பனி நாளில் இரண்டு தும்மல் தும்மும், நான் மருந்தகத்துக்கு ஓடுவேன். தூபம் இப்போது கோயிலில் மட்டும்தான். வாயையும் கொஞ்சம் கம்மி செய்திருக்கிறேன். வரனைப் பற்றி நான் பேசுவதில்லை.

உங்கள் வீட்டிலும் யாராவது பேசாமல் போயிருந்தால், ஆத்தாவிடம் கேளுங்கள். ஆனால் பதில் உங்களைப் பற்றியதாகவே வரலாம், அதைத் தாங்கிக்கொள்ளத் தயாராகக் கேளுங்கள். வாயில்லா ஜீவனுக்கு நோய் என்றால் தீர்த்தத்தோடு நிற்காமல் டாக்டரிடமும் போங்கள். அங்கே அனுப்பியதும் அவள்தான்.

பவித்ரா இன்னும் ஊருக்கு வரவில்லை. ஆடிக்கு லீவு கேட்டிருக்கிறாளாம். சின்னசேலம் பஸ் வரும் நேரத்துக்கு நான் இப்போதெல்லாம் வாசலுக்குப் போய் நிற்கிறேன், அன்றைக்குப் போகாமல் விட்டதற்கும் சேர்த்து. பஸ் போனதும் உள்ளே வந்து ரவாவின் மூக்கைத் தொட்டுப் பார்க்கிறேன். காய்ந்திருக்கிறது.