வடத்தில் உட்கார்ந்து இளைக்கப் பார்த்தவன்

பைக்காராவிலிருந்து மின்சாரக் கம்பி இழுத்துக்கொண்டிருந்த காலத்தில், கோயம்புத்தூருக்குக் கிழக்கே சூலூர் போகிற வழியில் ஒரு பருத்தி ஆலையில் நான் எடை பார்க்கும் குமாஸ்தா. நாள் முழுக்கப் பஞ்சை நிறுத்துக்கொண்டிருந்தேன் என்பதைத் தவிர, பஞ்சுக்கும் எனக்கும் வேறு எந்த ஒற்றுமையும் கிடையாது. ஒரு மத்தியானம் வண்டி எதுவும் வராததால் பெரிய தராசில் நானே ஏறி நின்றேன். இருநூற்று முப்பது ராத்தல். தராசில்தான் கோளாறு என்று முடிவு செய்து, ஒரு வாழைப்பழம் தின்று யோசித்து, முள்ளுக்கு எண்ணெய் விட்டு மறுபடி ஏறினேன். இருநூற்று முப்பத்தொன்று காட்டியது.

எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. எங்கள் பக்கத்து மரியாதை அப்படி. எந்த வீட்டில் உட்கார்ந்தாலும், "இன்னுங் கொஞ்சம் போட்டுக்குங்க, ஒண்ணுமே சாப்பிடலீங்களே" என்பார்கள். 'போதும்' என்ற சொல்லை எங்கள் ஊரில் யாரும் காதில் வாங்கிக்கொண்டதாக நான் கண்டதில்லை. ஊர்க்காரர்களின் அன்பு முழுவதையும் நான் என் வயிற்றில் பத்திரமாக வைத்துக்கொண்டிருந்தேன். அவ்வளவுதான்.

அடுத்த வாரம் ஒரு காலையில் என் மனைவி கையைச் சுட்டுக்கொண்டாள். அடுப்பின் முன் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டாள். பால் பொங்கி வழிந்து கைமேல் பட்டுவிட்டது. வாழைக்குருத்தை வைத்துக் கட்டிவிட்டுக் கேட்டேன்:

"ஏனம்மணி, உக்காந்துட்டே தூங்கறியே, ராத்திரியெல்லாம் என்ன பண்ணுனே?"

"உங்க கொறட்டையக் கேட்டுட்டு இருந்தனுங்க."

"அத்தன பெரிய சத்தமா?"

"சத்தம் வந்துட்டே இருந்தா நான் தூங்கிருவனே! நடுவுல நின்னுபோகுதுங்க. மூச்சும் நின்னுபோகுது. நான் எந்திரிச்சு உக்காந்து எண்ணுவேன். பத்து, பதினஞ்சுன்னு போகும். அப்பறம் எருமையாட்டச் செருமிப்போட்டு மறுக்கா ஆரம்பிப்பீங்க. ரெண்டு வருசமா இதுதானுங்க."

அந்த இரண்டு வருஷமும் நான் அருமையான கனவுகள் கண்டுகொண்டிருந்தேன். பெரும்பாலும் மிதக்கிற கனவுகள். நொய்யல் ஆற்றின்மேல், கரும்புக் காட்டின்மேல், சில நாள் ஆலைக் கூரையின்மேல் ஒரு பஞ்சுப் பொதிபோல நான் போய்க்கொண்டிருப்பேன். நான் அங்கே மிதக்கும்போது இங்கே ஒருத்தி இருட்டில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தாள் என்பது எனக்கு யார் சொல்லித் தெரியும்?

"நான் எண்ணிட்டே இருக்க, ஒரு நா நீங்க செருமாமயே போயிட்டா என்னுங்க பண்றது?" என்றாள்.

எதற்கும் ஒரு வேடிக்கை கைவசம் வைத்திருப்பவன் நான். அன்றைக்கு அதை விட்டுவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டேன்.

டவுனில் ஒரு டாக்டரைப் பார்த்தோம். நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். கழுத்துச் சதையைப் பிடித்துப் பார்த்தார். "இதுதான் மூச்ச அமுக்குது. முப்பது ராத்தலாவது இறக்குங்க. நெல்லுச்சோறு, நெய், இனிப்பு மூணையும் மறந்துருங்க. வெடியால எந்திரிச்சு மூணு மைல் நடங்க. இல்லீன்னா அந்தம்மா எண்றது ஒரு நாளைக்கு முடிவில்லாமப் போயிரும்" என்றார். மருந்து எழுதவில்லை.

மார்கழிப் பனியில் நடக்கத் தொடங்கினேன். அந்தப் பனி இன்னும் கண்ணில் நிற்கிறது. சோளத்தட்டும் வேலியும் பனைமரமும் பாலில் ஊறியதுபோலக் கிடக்கும். மேற்கே வெள்ளிங்கிரி மலை இருக்கிறதா, நேற்று நானாக நினைத்துக்கொண்டதா என்று தெரியாது. சொர்க்கத்துக்குள் நடக்கிற மாதிரி நடப்பேன். நூறு அடிக்குள் சொர்க்கத்தில் ஒரு மாட்டு வண்டி வந்துவிடும்.

"ஏனுங்க, எங்கீங்க இந்நேரத்துல?"

"சும்மா நடக்கறனுங்க."

"சும்மாவா? ஊட்டுல ஏதாச்சும் சண்டைங்களா?"

கையில் மண்வெட்டி இல்லாமல், தலையில் மூட்டை இல்லாமல், முன்னால் ஒரு மாடுகூட இல்லாமல் ஒரு மனிதன் நடப்பதை எங்கள் பக்கத்தில் அதுவரை யாரும் பார்த்ததில்லை. "ஏறுங்க, ஏறுங்க, நடந்தா போறீங்க" என்று வண்டிக்குள் வைக்கோலைத் தட்டி இடம் பண்ணுவார்கள். ஏறாவிட்டால் அவமரியாதை. ஏறினால் அவர்கள் வீட்டு வாசலில் இறக்கி, மோர் கொடுப்பார்கள். மோருக்குத் துணையாக நேற்றைய ஒப்புட்டு, வெல்லப் பூரணம் வைத்த போளி, வரும். ஒரு மாதம் இப்படி நடந்தேன். தராசு நாலு ராத்தல் கூடக் காட்டியது.

என் மனைவியின் அண்ணனுக்கு எங்கள் வீட்டை ஒட்டித் தோட்டம். மச்சான் மண்வெட்டிப் பிடிபோல ஒல்லி. அவர்தான் வழி சொன்னார்.

"சும்மா நடந்தா எவனுந்தான் கேப்பான். நம்ம கெணத்துல கவலை ஓட்ட வாங்க மாப்பிள்ளை. வேலைன்னா ஒருத்தனும் வாயத் தொறக்க மாட்டான். உடம்பும் எளைச்சுப்போகும்."

கவலை இறைப்பதைப் பார்க்காதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கிணற்றிலிருந்து சரிந்து இறங்கும் ஒரு மண் பாதை. இரண்டு மாடுகள் அதில் இறங்கினால், வடக்கயிறு கிணற்று மேட்டு உருளையில் இழுபட்டு, தோல் பறி நிறையத் தண்ணீர் மேலே வந்து வாய்க்காலில் கொட்டும். மாடுகள் பின்னுக்கு நடந்து ஏறினால் பறி மறுபடி உள்ளே போகும். இறங்கும்போது மாட்டுக்குச் சுமை தெரியாமலிருக்க, ஓட்டுகிறவர் வடத்தின்மேல் ஏறி உட்கார்ந்துகொள்வது வழக்கம். எவ்வளவு கனமான ஆளோ, மாட்டுக்கு அவ்வளவு சுகம்.

மச்சான் மாட்டைப் பிடித்துக்கொண்டார். என்னை வடத்தில் உட்கார வைத்தார். நான் உட்கார்ந்ததும் மாடுகள் திரும்பிப் பார்த்தன. பிறகு சிரமமே இல்லாமல் இறங்கின. பறி துள்ளிக்கொண்டு மேலே வந்தது.

அந்த மாதிரி ஒரு சுகத்தை நான் அதற்கு முன்னும் அறியேன், பின்னும் அறியேன். உருளை முனகும், வடம் தொட்டில்போல ஆடும், மச்சான் தனக்குள் ஏதோ ராகம் இழுப்பார், எங்கோ பின்னால் தண்ணீர் சரசரவென்று கொட்டும். வானம் முதலில் சாம்பலாகவும், பிறகு மாதுளை முத்தின் நிறமாகவும் என்னோடு சேர்ந்து இறங்கிவரும். கீழே போனதும் குதித்து, இருபதடி ஏறி, மறுபடி உட்காருவேன். தேகப்பயிற்சி இவ்வளவு இனிமையானது என்று டாக்டர் சொல்லவே இல்லையே என்று நினைத்துக்கொள்வேன். வேர்வையும் வந்தது, மாட்டுக்கு. இருபதடி ஏறியதால் ஏதாவது குறைந்திருந்தால், அதை மச்சான் வீட்டுக் கம்மஞ்சோறும் கட்டித்தயிரும் அன்றன்றே சரிக்கட்டின. டாக்டர் நெல்லுச்சோறுதானே வேண்டாமென்றார்.

தை பாதி போயிருக்கும். ஒரு நாள் வெயில் இளஞ்சூடாக இருந்தது. வடத்தில் இறங்கிக்கொண்டிருந்தவன் நொய்யலின்மேல் மிதக்க ஆரம்பித்துவிட்டேன். அடியில் மாடு நின்றும் இறங்காமல் தூங்கியிருக்கிறேன்; மாடு அசைந்த குலுக்கலில்தான் முழித்துப் பார்த்தேன். மேலே கிணற்று மேட்டில் என் மனைவி. தூக்குப்போசியில் கூழ் கொண்டுவந்திருக்கிறாள். போசி கவிழ்ந்து கூழ் மண்ணில் கிடந்தது. அவள் அசையவில்லை. உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. பால் சுட்ட கையை நெஞ்சில் வைத்திருந்தாள்.

"இருபத்திரண்டு," என்றாள்.

இரண்டு வருஷமாக என் தலைமாட்டில் இருட்டில் இருந்த முகத்தை அன்றைக்குத்தான் வெளிச்சத்தில் பார்த்தேன்.

பிறகு அவள் அண்ணன் பக்கம் திரும்பினாள். "ஏண்ணா, உங்க மாடு எளைக்காம இருக்கோணும்னு எங்கூட்டுக்காரரப் பெருக்க வெக்கறீங்களா?"

"இல்ல அம்மணி, மாப்பிள்ளை உக்காந்தா ரெண்டு பாத்தி சேத்துப் பாயுது..."

"பாயட்டும்! நாளைக்கு ஆளே இல்லீன்னா அம்மிக்கல்லக் கட்டி வெச்சு ஓட்டுவீங்களா?"

மச்சான் தலையைச் சொறிந்தார். அம்மிக்கல்லை அவர் மனசுக்குள் நிறுத்துப் பார்த்ததாகவே எனக்குத் தோன்றியது.

நான் எழுந்து வந்து கயிற்றை வாங்கிக்கொண்டேன். "மச்சான், இனி நீங்க வடத்துல உக்காருங்க. நான் மாட்டோட நடக்கறேன்."

மச்சான் உட்கார்ந்தார். மாடுகள் மறுபடி திரும்பிப் பார்த்தன. இந்த முறை அவை பார்த்தது என்னை. நம்பிக்கைத் துரோகியைப் பார்க்கிற பார்வை.

அதற்குப் பிறகு தினமும் அந்தச் சரிவில் இறங்கி ஏறினேன்; முடிந்ததும் மண்வெட்டியோடு மடை மாற்றினேன். வீட்டில் அவள் கையகல ராகிக்களியும் கீரையும் கொள்ளு ரசமும் வைத்தாள். ஊர் மரியாதையிலிருந்து என்னைக் காப்பாற்றியதும் அவள்தான். இலையில் யாராவது இன்னொரு கரண்டி போட வந்தால், "அவரு பத்தியத்துல இருக்காருங்க" என்பாள். அந்த ஒரு சொல்லுக்குத்தான் எங்கள் பக்கத்து உபசாரம் அடங்கும். கரண்டி காற்றில் நின்று திரும்பிப் போகும். "யாரு மருந்துங்க?" என்று கேட்பார்கள். "ஊட்டு மருந்துதானுங்க" என்பேன்.

பசி ஒரு தனிக் கனவு. மாட்டோடு நடக்கையில் வெள்ளிங்கிரி மலை அரிசியும் பருப்பும் கலந்த சாதத்தைக் குவித்து வைத்ததுபோலத் தெரியும். உச்சியில் வெயில் பட்டால் நெய் உருகி வழிகிறதென்று நின்றுவிடுவேன். மாடுகள் முட்டித் தள்ளும். ஒரு நாள் நிலாவைப் பார்த்து ஒப்புட்டு என்று சொல்லி அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஆனால் ஆலைத் தராசு மாதம் ஐந்தாறு ராத்தலாக இறங்கிவந்தது. வேட்டி இரண்டு சுற்றுச் சுற்றியது. மாசியில் அவள் பத்துக்கு மேல் எண்ணவில்லை என்றாள். பங்குனியில் ஐந்து. சித்திரையில் கேட்டேன், "மறந்துபோச்சுங்க" என்றாள்.

ஆனி மாதம். பாலக்காட்டுப் பக்கமிருந்து காற்று விழத் தொடங்கியிருந்தது. ஓட்டில் சாரல் பட்டும் படாமலும் சத்தம் போட்டது. எனக்கு முழிப்பு வந்தபோது விடியப்போகிற வெளிச்சம். அடுப்பு எரியவில்லை. காப்பி மணம் இல்லை. ஏதோ ஒரு சத்தம் மட்டும் மெல்ல ஏறி, மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. தூரத்தில் யாரோ கவலை ஓட்டுகிறார்கள், உருளைக்கு எண்ணெய் விட வேண்டும் என்று நினைத்தபடி கொஞ்ச நேரம் படுத்திருந்தேன். அப்புறம்தான் புரிந்தது. பக்கத்தில் என் மனைவி, தழும்பு விழுந்த கையைக் கன்னத்துக்கு அடியில் வைத்துக்கொண்டு, குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள்.

எழுந்து உட்கார்ந்தேன். அந்த வீட்டில் அப்படி உட்கார்ந்து கேட்பது அன்றைக்கு என் முறை. எண்ணவேண்டிய தேவை இருக்கவில்லை. அது ஒரு இடத்திலும் நிற்கவில்லை.

வாசலில் மச்சான் குரல்: "மாப்பிள்ளை! மாடு பூட்டியாச்சுங்க!"

ஓடிப்போய் அவர் வாயைப் பொத்தினேன். "மெதுவாப் பேசுங்க மச்சான். உங்க தங்கச்சி தூங்கறா."

மச்சான் காதைச் சாய்த்துக் கேட்டார். முகம் சுண்டிப்போயிற்று. "எங்கூட்டுப் பொண்ணுங்களா இது?" என்றார் மெல்ல. "எங்க வம்சத்துலயே ஒருத்தரும் இப்படி..."

"இருக்கட்டுங்க மச்சான். அம்மணி ரெண்டு வருசப் பாக்கியத் தூங்கறா."

அன்றைக்குத் தண்ணீர் வெகு நேரம் கழித்துத்தான் பாய்ந்தது. மாடுகள் பூட்டியபடியே சாரலில் நின்று அசைபோட்டன. மச்சானும் நானும் வாசற்படியில் உட்கார்ந்து, காப்பி இல்லாமல், அவள் எழுந்திருக்கும் வரை கேட்டுக்கொண்டிருந்தோம்.