வாரம் இருமுறை, காலை ஆறு முதல் ஏழு வரை

இருபத்துநாலு வருடமாக எங்கள் ராக் பேண்டு உயிரோடு இருக்கிறது. மூன்றே பேர்தான். பாடிக்கொண்டே கிட்டார் வாசிப்பவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். பஸ்ஸுக்குப் பாடி கட்டும் பட்டறையில் பெயின்டர். டிரம்ஸ்காரர் ராசிபுரத்தில் விசைத்தறி ஓட்டுகிறார். மூவரில் ஒரே பெண்ணான நான் பேஸ் கிட்டார். பகலில் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. அண்ணனும் நானும் சேலத்தில் ஒரே பங்குக் கோயிலின் பாடற்குழுவில் இருந்தவர்கள். ஈஸ்டர் இரவின் பாஸ்கா பூசையில் அல்லேலூயாவைக் கொஞ்சம் வேகமாக வாசித்துவிட்டோம் என்று வெளியே அனுப்பினார்கள். கொஞ்சம் இல்லை, நிறைய வேகம்தான். எனக்கு இன்றைக்கும் அதில் வருத்தம் கிடையாது.

இத்தனை வருடத்தில் திருவிழா, கல்யாணம், கல்லூரி என்று எங்கெங்கோ வாசித்துவிட்டோம். வானொலியில் மட்டும் ஒரு பாட்டுகூட வந்ததில்லை. அரசு வானொலியின் குரல் தேர்வுக்கு விண்ணப்பித்தபோது, நாட்டுப்புறமா, மெல்லிசையா, மேற்கத்திய இசையா என்று கேட்ட இடத்தில் மூன்றுக்கும் டிக் அடித்தோம். படிவம் திரும்பி வந்தது. தனியார் எப்.எம்.களில் சினிமாப் பாட்டுக்கு மட்டும்தான் இடம். கேட்டால், நேயர்கள் விரும்ப மாட்டார்கள் என்றார்கள். போடாத பாட்டை எப்படி விரும்புவார்கள் என்று கேட்டேன். டீ வாங்கித் தந்து அனுப்பினார்கள்.

எங்கள் பாட்டுகளில் கூட்டத்தை எழுப்பிவிடுவது தண்ணீர்ப் பாட்டு. அண்ணன் குடியிருப்பது மல்லசமுத்திரம் போகிற வழியில் ஒரு சின்னப் பேரூராட்சி. பெயரைச் சொன்னால் வம்பு. அங்கே குழாயில் தண்ணீர் வருவது எப்போது என்று யாருக்கும் தெரியாது. அந்த எரிச்சலில் எழுதிய பாட்டு. டிரம்ஸ்காரர் தண்ணீர் பிடிக்கிற நீல பிளாஸ்டிக் டிரம்மைக் கவிழ்த்துப் போட்டுத் தட்டுவார். அண்ணன் கூட்டத்தைப் பார்த்து, "தண்ணி வந்து எத்தன நாளாச்சுங்க?" என்று கேட்பார். கூட்டம் ஒரு எண்ணைக் கத்தும். அந்த எண்ணைத்தான் அன்றைக்குப் பாட்டில் பாடுவார். ஊருக்கு ஊர், வாரத்துக்கு வாரம் எண் மாறும். நேற்றைய எண்ணை இன்றைக்குப் பாடினால் அவருக்குத் தூக்கம் வராது.

போன வருடம் ஒரு எப்.எம். நிலையம் உள்ளூர்க் கலைஞர்களுக்கென்று ஞாயிறு காலை ஒரு மணி நேரம் ஒதுக்கியது. அண்ணனுக்கு ஐம்பத்தொன்று. வருடக்கணக்காகப் பெயின்ட் புகையைக் குடித்துக் குரல் தேய்ந்துகொண்டு வந்தது. "இதுலயும் வரலீன்னா கிட்டார வித்துப்போட்டு ஊட்ல உக்காந்துக்கறேன் அம்மிணி" என்றார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். அவர் உட்கார்ந்துவிட்டால் பேண்டு இல்லை.

பாட்டைப் பதிவு செய்து அனுப்பினோம். எண், பதினொன்று. அடுத்த வாரமும் தண்ணீர் வரவில்லை. அண்ணன் என்னிடம்கூடச் சொல்லாமல் பதினெட்டு என்று திரும்பப் பாடி, பழையதைப் போட்டுவிடாதீர்கள் என்று குறிப்போடு அனுப்பியிருக்கிறார். அதற்கப்புறம் தண்ணீர் வந்துவிட்டது. நியாயமாக நடந்துகொள்ள வேண்டுமே என்று, நாலு நாள் எனத் திருத்திப் பாடி மூன்றாவதும் அனுப்பியிருக்கிறார். உலகத்தில் வேறு எந்த ராக் பாடகரும் இப்படி ஒரு காரியம் செய்திருக்க மாட்டார்.

நிகழ்ச்சிப் பொறுப்பாளர் எங்களைக் கூப்பிட்டு அனுப்பினார். நல்ல மனிதர், ஆனால் பயந்தவர். "பாட்டு நல்லாத்தான் இருக்குதுங்க. ஆனா இது செய்தியாச்சுங்களே. நாங்க சொந்தமா செய்தி சொல்லக்கூடாதுன்னு விதி இருக்குதுங்க" என்றார்.

"பாட்டுங்க அது!" என்றேன்.

"வாரா வாரம் நெலவரம் மாறுதுன்னு நீங்களே திருத்தி அனுப்பறீங்க. செய்தி இல்லாம வேற என்னங்க?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. விதியைக் காட்டுங்கள் என்றேன். டெல்லியில் போட்ட விதி, அச்செடுத்து மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தார். அவர் காட்டிய வரிக்குக் கீழேயும் படித்தேன். செய்தி கூடாது, சரி. ஆனால் வானிலை, போக்குவரத்து, தேர்வு முடிவு எல்லாம் செய்தியாகாது. குடிநீர், மின்சாரம் பற்றிய அறிவிப்பும் ஆகாது, உள்ளூர் நிர்வாகமே கொடுத்ததாக இருந்தால்.

"அப்ப அவங்க குடுத்த அறிவிப்பையே நாங்க பாடுனா?"

அவர் யோசித்தார். "எழுத்து மாறாம இருந்தா போடலாமுங்க" என்றார்.

மறுநாளே அண்ணனின் ஊர்ப் பேரூராட்சி அலுவலகத்துக்குப் போய், குடிநீர் அறிவிப்பை முத்திரையோடு வாங்கிவந்தேன். வாரம் இருமுறை, காலை ஆறு முதல் ஏழு மணி வரை குடிநீர் வழங்கப்படும். பொதுமக்கள் சிக்கனமாகப் பயன்படுத்துமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். இப்படிக்கு, செயல் அலுவலர். இதைவிட ராக் பாட்டுக்கு வேறென்ன வரி வேண்டும்?

அண்ணன் தாளைக் கீழே வைத்துவிட்டார். "பொய்ய எப்பிடிப் பாடறது? ஊர்ல எவன் மூஞ்சில முழிக்கறது? மாட்டேன் அம்மிணி."

"பாடுங்ணா. 'வாரம் இருமுறை'ன்னு பாடிட்டு வாய மூடிக்கங்க. நம்பரு வார எடத்துல நாலு தட்டு, வெறும் டிரம்மு. மத்தத கேக்கறவங்க பாத்துக்குவாங்க."

கீழே வைத்த தாளை எடுத்து இன்னொரு தடவை படித்தார். பிறகு கிட்டாரை எடுத்தார். 'இப்படிக்கு' என்ற சொல்லை அவர் அடித்தொண்டையிலிருந்து கத்தியபோது டிரம்ஸ்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் தாளத்தை விட்டார். இரண்டாம் தடவையில் சரியாக வந்தது. பொறுப்பாளர் முத்திரைத் தாளையும் பாட்டையும் வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்த்தார். "அந்த நாலு தட்டுல ஒண்ணும் இல்லீங்களே?" என்றார். ஒன்றும் இல்லை என்றேன். உண்மையைத்தான் சொன்னேன்.

அந்த ஞாயிறு செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மொத்த மளிகைக் கடையில் நின்றுகொண்டிருந்தேன். சுற்றுவட்டார ஊர்களிலிருந்து வந்த கூட்டம். பருப்பு மூட்டைக்கு மேல் இருந்த ரேடியோவில் எங்கள் பாட்டு ஆரம்பித்தது. இருபத்துநாலு வருடம். யாரும் கவனிக்கவில்லை. அண்ணனின் தேய்ந்த குரல் 'வாரம் இருமுறை' என்று பாடியதும், மிளகாய் வாங்க வந்த ஒரு அம்மா நிமிர்ந்து பார்த்து, "எந்தூர்ல?" என்றார்.

டிரம் நாலு தட்டு தட்டியது.

"எங்கூர்ல ஒம்பது நாளு" என்றார் அந்த அம்மா. "எங்களுக்குப் பன்னெண்டு" என்றார் எடை போடுகிறவர். அடுத்த தடவை 'வாரம் இருமுறை' வந்தபோது, அந்த நாலு தட்டுக்குள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து கத்தினார்கள். ஒவ்வொருவரும் ஒரு எண். கடை வாசலில் ஆட்டோவை நிறுத்தியிருந்தவர், "பதினாலுங்க, பதினாலு!" என்று எல்லோரையும் ஜெயித்தார்.

என் போன் அடித்தது. அண்ணன். ஞாயிறும் வேலை நடக்கும் பட்டறையில் போனை நீட்டிப் பிடித்திருந்தார், அவரைச் சுற்றி ஆட்கள் எண்களைக் கத்திக்கொண்டிருந்தார்கள். நானும் போனைக் கடைப் பக்கமாக நீட்டிப் பிடித்தேன்.