கால் வைக்காமலே பிடித்த பிரேக்

அன்று காரில் இருந்தவர்கள் மூன்று பேர். நான், ஏழு மாதக் கர்ப்பிணியான என் மனைவி எஸ்தர், பின் இருக்கையில் அம்மா. இல்லாதவர் மெக்கானிக் பாபிதா, அதாவது பாபி அண்ணன். "நான் பார்க்காமல் வண்டியை எடுக்காதே" என்று மூன்று வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் கேட்கவில்லை.

பிரியமானவர்களே, அந்தப் பழைய காரின் பிரேக் பெடல் என்னைப் பயமுறுத்தியது. சிக்னலில் மிதித்து நிற்பேன். என் காலுக்கடியில் அது மெல்ல மெல்ல இறங்கும், கீழேயிருந்து யாரோ இழுப்பதுபோல. விட்டு மறுபடி மிதித்தால், ஒன்றும் நடக்காததுபோல மேலே நிற்கும். சக்கரங்களுக்கு அடியில் செய்தித்தாள் விரித்து வைத்துப் பார்த்தேன். ஒரு சொட்டு ஈரம் இல்லை. பானெட்டுக்குள் இருக்கும் டப்பாவில் பிரேக் ஆயிலும் குறையவில்லை. எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான். ஒழுகாத பிரேக் கெட்டிருக்காது என்று நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். ஆனாலும் சாவி போடும்போதெல்லாம், "ஆண்டவரே, நான் நிறுத்த முடியாமல் போனால் நீர் நிறுத்தும்" என்று ஜெபிப்பேன்.

டிசம்பர் இரண்டாம் ஞாயிறு. நியூ டவுனிலிருந்து லேக் கார்டன்ஸுக்கு, ஆராதனைக்குப் புறப்பட்டோம். ஒரே மூடுபனி. மேம்பாலம் ஏறும்போதே பெடல் மாறியிருந்தது. இறங்கவில்லை, கல்லாய் நின்றது. ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க வண்டி தயங்கியது.

"ஏங்க, ஏன் நிறுத்துறீங்க?" என்றாள் எஸ்தர்.

"நான் நிறுத்தல எஸ்தர். என் கால் பிரேக்லயே இல்ல."

பாலத்தின் இறக்கத்தில் கார் தானாக நின்றுவிட்டது. கருகிய வாடை. பனி கொஞ்சம் விலகியது. பத்தடி முன்னால், விளக்கில்லாமல் பழுதாகி நின்ற ஒரு லாரி. அதன் பின்னால் நீட்டிக்கொண்டிருந்த இரும்புக் கம்பிகள், சரியாக எங்கள் முகத்து உயரத்தில்.

அம்மா மட்டும் "ஸ்தோத்திரம்" என்றார்.

மறுநாள் பாபிதா டப்பாவைத் திறந்து, விரலால் தொட்டு முகர்ந்தார். "என்ன தம்பி, இதுல மீன் வறுக்கப் போறியா?" என்று வங்காள மொழியில் கேட்டார்.

அம்மா முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நீ தெனமும் எட்டி எட்டிப் பாக்குற டப்பாதானேப்பா. சனிக்கிழமை நீ பானெட்ட தெறந்து வெச்சுட்டு, தொடைக்கத் துணி எடுக்க மேல போனப்ப, சபையில ஜெபிச்சுக் குடுத்த எண்ணெய ஊத்துனேன்."

பாபிதா விளக்கினார். மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் தேய்ந்திருந்ததாம். ஆயில் வெளியே ஒழுகாமல் உள்ளுக்குள்ளேயே பின்வாங்கியதால்தான் பெடல் இறங்கியது. அம்மாவின் எண்ணெயில் ரப்பர்கள் உப்பி, பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டன. "சக்கரம் எங்க வேணாலும் பூட்டியிருக்கலாம். வேகத்துல பூட்டியிருந்தா மூணு பேரும் போயிருப்பீங்க" என்றார்.

எங்கே வேண்டுமானாலும் பூட்டியிருக்கலாம். அங்கே பூட்டியது. அதைத்தான் சாட்சியாகச் சொல்கிறேன்.

தயவுசெய்து வண்டியில் எண்ணெய் ஊற்றாதீர்கள், அது நெற்றியில் பூசுவதற்கு. நம்பி ஜெபியுங்கள், பதில் எந்த வாயிலிருந்து வந்தாலும் கேளுங்கள். எனக்கு அது மூன்று வாரமாக பாபிதாவின் வாயிலிருந்து வந்துகொண்டிருந்தது. இப்போது அவர் சொல்லாமல் நான் சாவியைத் தொடுவதில்லை. பிப்ரவரியில் மகள் பிறந்தாள்.

"தப்புப் பண்ணிட்டேனாப்பா? எவ்வளவு ஆச்சு?" என்று, வண்டியைச் சரிசெய்து எடுத்து வந்த அன்று அம்மா கேட்டார்.

"தள்ளிப்போட்டது நான்தாம்மா" என்றேன். முதல் வாரமே பார்த்திருந்தால் ஆயிரத்து இருநூறு. எல்லா ரப்பரும் மாற்றி, கடைசியில் ஆனது எட்டாயிரத்து நானூறு ரூபாய்.