ஏழாம் கட்டிலின் வலது கை

நாற்பத்தொரு வயதில், மனநல மருத்துவ மேற்படிப்புத் தேர்வை இரண்டாம் முறையாக எழுதினேன். முதல் முறை எழுத்துத் தேர்வில் தேறி, நோயாளியைப் பரிசோதிக்கும் தேர்வில் தோற்றிருந்தேன். இம்முறையும் தோற்றால், நான் டாக்டராக இருந்த திருவொற்றியூர் மருந்தகத்துக்கே திரும்ப வேண்டும். படிப்பதற்கு இன்னொரு விடுப்பு கிடைக்காது.

மாணவர்களிடையே ஒரு நோட்டு கைமாறி வந்தது. தேர்வுக்குக் காட்டப்படுபவர்கள் பெரும்பாலும் நெடுநாள் வார்டில் கிடப்பவர்கள். அதனால் முன்பு தேறியவர்கள் கட்டில் எண்ணையும் நேரே நோயின் பெயரையும் எழுதி வைத்திருந்தார்கள்.

"அக்கா, ஏழாம் கட்டில் வந்தா லாட்டரி அடிச்ச மாதிரி. கேட்டடோனியா. கண்ண மூடிக்கிட்டு எழுதலாம்," என்றான் என்னைவிடப் பதினாறு வயது இளைய சக மாணவன். பேச்சும் அசைவும் உறைந்துபோகும் நோய் அது.

"போன தடவ கண்ணத் திறந்துக்கிட்டு எழுதித்தான் தோத்தேன்," என்றேன்.

எனக்கு ஏழாம் கட்டில்தான் வந்தது. காலை ஒன்பது இருபதிலிருந்து ஒரு மணி நேரம்.

கட்டிலில் இருந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். துறைமுகத் தொழிலாளி என்பதற்கு மேல் கோப்பில் எதுவும் இல்லை. பேச்சு கிடையாது. வலது கை மட்டும் அசைந்துகொண்டிருந்தது. 'பொருளற்ற அசைவு' என்று குறித்திருந்தார்கள். நான் எண்ணினேன். சுட்டுவிரல் கீழ்நோக்கி மூன்று சுற்று, பிறகு முஷ்டி. மறுபடியும் மூன்று சுற்று, முஷ்டி.

அந்தக் கையசைவைச் சாப்பாட்டு வேளையில் பார்த்து வளர்ந்தவள் நான். ராயபுரத்து வீட்டிலிருந்து துறைமுகத்துக்குப் போய்வந்த என் அப்பா, கப்பலில் சரக்கு இறக்கும்போது சைகை காட்டுபவர். சரக்கைக் கம்பிவடத்தில் இறக்கும் வின்ச் எந்திரத்தை ஓட்டுபவருக்குக் கப்பலின் அடித்தளம் தெரியாது. இரைச்சலில் குரலும் எட்டாது. சைகைக்காரரின் கையைப் பார்த்தே இறக்குவார். அந்தப் பழக்கத்தில் அப்பா வீட்டிலும் வாய் திறக்க மாட்டார். விரல் கீழே சுற்றினால் சோறு போடு. முஷ்டி மடக்கினால் நிறுத்து. மடக்கிய பிறகு ஒரு கரண்டி விழுந்தாலும் அம்மாவுக்கு முறைப்பு கிடைக்கும்.

என் குறிப்பேட்டை உயர்த்திப் பிடித்தேன். அவர் விரல் சுற்றச் சுற்ற மெல்ல இறக்கினேன். முஷ்டி மடங்கியது. நிறுத்தினேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார்.

"நீ நிறுத்திட்டம்மா," என்றார். "அவன் நிறுத்தல. நான் கைய மடக்கினேன், வின்ச்சுக்காரன் எங்க பாத்துகினு இருந்தானோ. கீழ என் தோஸ்து நின்னுகினு இருந்தான்."

பிறகு கேட்டதற்கெல்லாம் மெதுவாகப் பதில் வந்தது. தூக்கமில்லை, பசியில்லை, தன் கைதான் கொன்றது என்ற எண்ணம் மட்டும் போகவில்லை.

கைமாறி வந்த நோட்டில் இருந்த விடையை எழுதினால் தேறிவிடலாம். ஆனால் நான், 'விபத்துக்குப் பின் வந்த கடும் மனச்சோர்வு; மாத்திரையால் குணமாகும்' என்று எழுதினேன்.

வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் கட்டிலருகே வந்து அதைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "போன வருஷம் இதே ஆளைக் கேட்டடோனியான்னு எழுதினவங்களை நான் பாஸ் பண்ணினேன். அப்போ நானும் தப்பா?"

"உங்க சுத்தியலைக் கொஞ்சம் உயர்த்திப் பிடிங்க, சார். அவர் விரலைப் பார்த்து இறக்குங்க."

முழங்காலைத் தட்டிப் பார்க்கும் சிறு சுத்தியல் அது. அவர் இறக்கினார். முஷ்டி மடங்கியதும் பொருள் தெரியாமல் மேலும் இறக்கினார். நோயாளி எட்டி அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"கைய மடக்கினா நிக்கணும் நைனா. இன்னா ஆளு நீ?"

தேர்வாளர் சுத்தியலை அப்படியே நிறுத்தினார். "சரிப்பா, நிறுத்திட்டேன்," என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "எந்த மாத்திரை, எத்தனை நாள், சொல்லுங்க," என்றார். ஒன்றுவிடாமல் சொன்னேன். தேறினேன்.

அதே வார்டில் எனக்கு வேலை கொடுத்தார்கள். நான்காம் மாதம் ஏழாம் கட்டில்காரர் தானே விலாசம் சொல்லி வரவழைத்த மகனோடு பஸ் ஏறி காசிமேட்டுக்குப் போனார். அன்று மாலை அந்த நோட்டைக் கேட்டு வாங்கி, ஏழாம் எண்ணுக்கு நேரே இருந்ததை அடித்து, 'வீட்டுக்குப் போனார்' என்று எழுதினேன்.

"ஒரு லாட்டரியக் கெடுத்துட்டீங்களே அக்கா," என்றான் நோட்டைக் கொடுத்த அந்தப் பழைய சக மாணவன்.

எட்டாம் கட்டிலின் கோப்பை எடுத்து வரச் சொன்னேன்.