பாலேந்திரா எழுதிய முப்பது பக்கம்

லண்டனின் தோர்ண்டன் ஹீத்தில் ஒரு தமிழர் கண்ணை மூடினால் முதலில் ஐயருக்குச் சொல்வார்கள், அடுத்தது யோகமலருக்கு. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சாப்பாடு முடிந்து போகிறவர்களின் கையில் கல்வெட்டு கொடுக்க வேண்டும். இறந்தவரின் படம், வாழ்க்கை வரலாறு, தேவாரம், உறவினர் பட்டியல், நன்றி நவிலல் எல்லாம் சேர்ந்த சின்னப் புத்தகம் அது. இருபத்திரண்டு வருடமாக அதை வீட்டு முன்னறைக் கணினியில் செய்து கொடுக்கிறாள் யோகமலர். காலையில் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை, பின்னேரம் செத்தவர்களோடு வேலை என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

ஒரு கல்வெட்டும் அவளால் பிந்தியதில்லை. உறவினர் பட்டியலை மட்டும் மூன்று தரம் பார்ப்பாள். பின்னே, ஒரு மருமகனின் பெயர் விடுபட்டால் அந்தக் குடும்பம் பத்து வருடம் முகம் கொடுத்துப் பேசாது. வாழ்க்கை வரலாற்றை அவள் பெரிதாக வாசிப்பதில்லை. இன்ன ஊரில் பிறந்தார், இன்ன கல்லூரியில் படித்தார், பண்பாளராக வாழ்ந்தார், அவ்வளவுதான். செத்தபிறகு இந்த ஊரில் பண்பாளர் இல்லாதவர் யார்?

பாலேந்திராவின் கல்வெட்டு வேறு மாதிரி. நோய் முற்றிவிட்டது என்று தெரிந்ததும் மனுஷன் தன் வரலாற்றைத் தானே எழுதினார், முப்பது பக்கம். "கல்வெட்டிலைதான் வாசிக்கோணும், முதல் பாக்கப்படாது" என்று மனைவி தவநாயகியிடம் சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார். அவள் சொன்ன சொல் தவறாதவள். திறந்து பார்க்காமல், ஒரு பென்டிரைவில் போட்டு நோர்பரியிலிருந்து பஸ் எடுத்துக் கொண்டுவந்து தந்தாள். "முப்பத்தொண்டுக்கு வாசிக்கத்தானே போறன் அக்கா" என்றாள்.

செவ்வாய்க்கிழமை காலை, பள்ளிக்கூட விடுமுறை. யோகமலர் பென்டிரைவைச் செருகிக் கோப்பைத் திறந்தாள். முழுக்க ஆங்கில எழுத்தும் குறியுமாகக் கிடந்தது. பாலேந்திரா ஏதோ பழைய தமிழ் எழுத்துருவில் தட்டியிருக்கிறார், அது இந்தக் கணினியில் இல்லை. இணையத்தில் தேடினாள். இலவசம் என்று ஒரு தளம் கொடுத்தது. இறக்கியதும் வைரஸ் காவல் மென்பொருள் சிவப்பாக மறித்தது. அது எப்போதும் அப்படித்தான். அவளுடைய பக்க வடிவமைப்பு மென்பொருளே யாரோ பூட்டை உடைத்துக் கொடுத்த திருட்டுப் பிரதி. அதைப் போட்டபோதும் இப்படித்தான் மறித்தது, அப்போதும் காவலை நிறுத்திவிட்டுத்தான் போட்டாள். இருபத்திரண்டு வருடத்தில் ஒன்றும் நடக்கவில்லையே. இன்றும் நிறுத்தினாள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்டாள்.

எழுத்துரு உண்மையாகவே வேலை செய்தது, அதுதான் கொடுமை. முப்பது பக்கமும் தமிழாக விரிந்தது. முதல் இரண்டு பக்கத்தை வாசித்தாள், நல்ல எழுத்து. மிச்சத்தைப் பிழை திருத்தும்போது வாசிக்கலாம் என்று மூடிவிட்டு உறவினர் பட்டியலுக்குப் போனாள். கணினி இரைந்தது, சுணங்கியது. பழசுதானே என்று எழும்பிப் போய் தேத்தண்ணி ஊற்றினாள்.

திரும்பி வந்தபோது கோப்புகளின் பெயருக்குப் பின்னால் தெரியாத வால் ஒன்று முளைத்திருந்தது. படங்கள் திறக்கவில்லை. பென்டிரைவில் இருந்த பாலேந்திராவும் திறக்கவில்லை. திரை முழுக்க ஆங்கிலத்தில் ஒரு அறிவித்தல் வந்தது: உங்கள் கோப்புகள் எல்லாவற்றையும் பூட்டிவிட்டோம், எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் பிட்காயினில் பணம் கட்டினால் சாவி தருவோம். நல்ல காலம் பிரதி எடுத்து வைத்திருக்கிறேனே என்று வெளி டிஸ்க்கை எடுத்துச் செருகினாள். அவள் பார்த்துக்கொண்டிருக்கவே அதிலிருந்த பெயர்களுக்கும் ஒவ்வொன்றாக வால் முளைத்தது.

பக்கத்து வீட்டு முகுந்த் கணினிப் பாதுகாப்பில் வேலை பார்க்கும் சென்னைப் பிள்ளை. அன்று வீட்டிலிருந்தே வேலை. கதவைத் தட்டிய யோகமலரின் முகத்தைப் பார்த்துவிட்டு செருப்புக்கூடப் போடாமல் வந்தான். வந்த உடனே இணையக் கம்பியைப் பிடுங்கினான், டிஸ்க்கையும் பென்டிரைவையும் உருவினான்.

"பிரதி டிஸ்க்கை எப்ப சொருகினீங்க ஆன்ட்டி?"

"இப்பத்தான் தம்பி. இந்த அறிவித்தல் வந்த பிறகு."

முகுந்த் கையிலிருந்த டிஸ்க்கைத் திருப்பிப் பார்த்தான். "அது உள்ள இருந்துட்டே எல்லாத்தையும் பூட்டிட்டிருக்கும். எது செருகினாலும் அதையும் பூட்டும். முதல்ல கம்பியைப் பிடுங்கியிருக்கணும்."

திரையைத் தன் போனில் படம் எடுத்தான். பூட்டிய கோப்பு ஒன்றையும் அந்த அறிவித்தலையும், போலீசும் பாதுகாப்பு நிறுவனங்களும் சேர்ந்து நடத்தும் தளம் ஒன்றில் தன் கணினி வழியாகக் கொடுத்துப் பார்த்தான். சில பூட்டுகளுக்கு அங்கே இலவசமாகவே சாவி இருக்கும். இதற்கு இல்லை.

"காசு கட்டுவம் தம்பி. என்ரை நகையைக் குடுத்தாவது கட்டுறன்."

"கட்டினவங்க நிறைய பேருக்குச் சாவி வரலை ஆன்ட்டி. போலீஸும் கட்டாதீங்கன்னுதான் சொல்லுவாங்க. இந்தச் சனியனை எடுக்கிறது சுலபம். மொத்தமா அழிச்சிட்டுப் புதுசா போட்டுடலாம், ஒரு மணி நேர வேலை. பாஸ்வேர்டெல்லாம் வேற போன்ல இருந்து மாத்திடுங்க. ஆனா அது தின்னதை நம்மால கக்க வைக்க முடியாது. பூட்டின கோப்புகளைத் தனியா எடுத்து வைக்கிறேன், என்னைக்காவது சாவி கிடைக்கலாம்."

"ஞாயிற்றுக்கிழமை முப்பத்தொண்டு" என்றாள் யோகமலர். என்ன முப்பத்தொன்று என்று அவனுக்கு விளங்கவில்லை. அவள் சொன்னாள். கேட்டுவிட்டு அவன் கேட்டது ஒன்றைத்தான்: "அவர் எழுதின கம்ப்யூட்டர்ல அசல் இருக்குமே?"

யோகமலருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. உடனே தவநாயகிக்குப் போன் எடுத்தாள். நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள், மன்னிப்பும் கேட்டாள். பிறகு லேப்டாப்பைப் பற்றிக் கேட்டாள்.

"அது இவரின்ரை வேலையிடத்து லேப்டாப் அக்கா" என்றாள் தவநாயகி. "போன கிழமை திருப்பிக் குடுத்திட்டன். எல்லாத்தையும் அழிச்சுப்போட்டு வேறை ஆளுக்குக் குடுப்பினம் எண்டு கையெழுத்தும் வாங்கினவை."

யோகமலர் கதிரையில் இருந்துவிட்டாள். முகுந்துக்கு மறுமுனைப் பேச்சு கேட்கவில்லை, ஆனால் அவளுடைய முகத்தில் எல்லாம் தெரிந்தது. இத்தனை வருடம் எத்தனையோ சாவுகளைப் பக்கம் பக்கமாக அடுக்கியவளுக்கு, ஒரு மனுஷனைத் தன் கையாலேயே இரண்டாம் தரம் சாகக் கொடுத்தது போல இருந்தது.

தவநாயகி அழவில்லை. மெல்லக் கேட்டாள்.

"நீங்கள் வாசிச்சனீங்கள்தானே அக்கா? என்னைப் பற்றி என்ன எழுதியிருந்தவர்?"

ஏதாவது சொல்லியிருக்கலாம். இருபத்திரண்டு வருடமாக எல்லா மனைவிமாரைப் பற்றியும் அச்சடித்த வசனங்கள் அவளுக்கு மனப்பாடம். அன்பான துணைவி, இல்லறத்தின் விளக்கு.

"இரண்டு பக்கம்தான் வாசிச்சனான் தங்கச்சி."

"அந்த இரண்டிலை நான் வந்தனானே?"

"இல்லை" என்றாள் யோகமலர். "அதிலை அவருக்குப் பதினெட்டு வயசு. உங்களை இன்னும் காணேல்லை."