ஆட்டோபே வரிசையில் சுகுமாறன்

முதலில் சட்டைப் பை. பிறகு கால்சட்டையின் வலது பை, இடது பை, பின்பை. அப்புறம் பர்ஸைத் திறந்து அதன் ஒவ்வோர் அறையாகத் துழாவுகிறார். பின்னால் நிற்பவர்கள் நெளியத் தொடங்கியதும் ஒரு பக்கமாக ஒதுங்கி, "நீங்க போங்க பாஸ், என் டிக்கெட்டு எங்கயோ மாட்டிக்கிச்சு" என்கிறார். அவர்கள் முன்னால் போகிறார்கள். சுகுமாறன் மறுபடி சட்டைப் பையிலிருந்து ஆரம்பிக்கிறார். பார்க்கிங் டிக்கெட் அவருடைய இடது உள்ளங்கையில் பத்திரமாக மடித்து வைத்தபடி இருக்கிறது.

பிரிக்பீல்ட்ஸில் அந்த நாடக அரங்கம் இருப்பது இரண்டாவது மாடியில். வண்டிகள் நிற்பது கட்டடத்துக்கு அடியில். நாடகம் முடிந்தால் வண்டியில் வந்தவர்கள் எல்லாரும் பார்க்கிங் காசு கட்டும் அந்த ஒரே ஆட்டோபே மெஷின் முன்னால் வரிசை பிடித்தாக வேண்டும். மேலே இயக்குநரின் கையைக் குலுக்கி, "சூப்பர் பிரதர்" என்று சொல்லிவிட்டு வந்தவர்கள், கீழே டிக்கெட்டும் கையுமாக நிற்கும்போதுதான் நாடகத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். அதைக் கேட்டு, மேலே போய் இயக்குநரிடம் சொல்வதுதான் சுகுமாறனின் ஊழியம். அரங்கேற்றத்துக்கு முன் நடக்கும் பிரிவியூ காட்சிகளுக்கு மட்டும் வருவார். காசு வாங்குவதில்லை. ஒட்டுக்கேட்பது என்று சொன்னால் மட்டும் கோபம் வரும்.

"நா எங்க கேக்குறேன்? அவங்க பேசுறாங்க. என் காது அங்க நிக்குது. அவ்ளோதான்."

பிழைப்பு வேறு. கிள்ளான் லிட்டில் இந்தியாவில் மூக்குக்கண்ணாடிக் கடை. நாள் முழுக்க இருட்டறையில் ஒருவர் முகத்துக்கு முன் வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது கிளியரா, இதுவா?" என்று கேட்டுக்கொண்டிருப்பவர். நம் மக்கள் மரியாதைக்காரர்கள். எழுத்து தெரியாவிட்டாலும், பாவம் மனுஷன் இத்தனை தடவை மாற்றுகிறாரே என்று, "ஓக்கே லா" என்பார்கள். அப்படிச் சொன்னவர்கள் புதுக் கண்ணாடியோடு தலைவலியையும் எடுத்துக்கொண்டு திரும்பி வருவார்கள். இப்படிப் பல பேர் வந்த பிறகுதான் சுகுமாறனுக்கு அந்த 'லா'வின் மீது சந்தேகம் வந்தது. தெளிவாகத் தெரிகிறவன் "கிளியர்" என்று சொல்லி நிறுத்திக்கொள்வான். தெரியாதவன்தான் லா போடுவான் என்பது அவருடைய முடிவு.

அந்த முடிவைத்தான் அப்படியே ஆட்டோபே வரிசைக்கும் கொண்டுவந்தார். "நல்லா இருந்துச்சு" என்றால் தேறியது. "நல்லா இருந்துச்சு லா" என்றால், பக்கத்தில் இருப்பவருக்காக விட்டுக்கொடுத்துச் சொல்கிறார். "ஓக்கே லா" என்றால் நாடகம் படுத்துவிட்டது. "ஓக்கே லா, எங்க சாப்புடுறது?" என்றால் பாடை தூக்க ஆள் வர வேண்டும். யாரும் ஒன்றும் பேசாமல், யோசித்துக்கொண்டே டிக்கெட்டை மெஷினில் தலைகீழாகச் செருகினால் மட்டும் சுகுமாறன் முகம் மலரும். "தலைகீழாச் செருகிட்டான்னா ஆளு இன்னும் மேல அரங்கத்துலதான் இருக்கான்னு அர்த்தம்" என்பார்.

இன்னொரு பழக்கமும் உண்டு, அது யாருக்கும் தெரியாது. கூட்டத்தோடு உள்ளே போய்க் கடைசி வரிசையில் உட்காருவார். விளக்கு அணைந்ததும் நழுவிவிடுவார். எதிர்க்கடையில் தே தாரிக் குடித்து, பேப்பரைப் புரட்டி, நாடகம் முடியும் நேரத்துக்கு நேராகக் கீழே வந்து வரிசையில் நிற்பார். நாடகத்தைப் பார்த்துவிட்டால் அடுத்தவர் வாயிலும் தன் கருத்துதான் கேட்கும் என்று பயம். நியாயமான பயம்தான். ஆனால் இத்தனை வருடம் நாடகத்துக்குப் பாடுபட்டு ஒரு நாடகத்தையும் பார்க்காத மனிதர் கிள்ளான் பள்ளத்தாக்கிலேயே அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

இந்தத் தடவை விஷயம் கொஞ்சம் சிக்கலாகிவிட்டது. நாடகத்தின் பெயர் 'லிஃப்ட் பழுது'. ஸ்ரீ கெம்பாங்கான் அடுக்குமாடி ஒன்றின் உச்சியில் தனியாக இருக்கும் ஒரு தாயின் கதை. அந்தத் தாயாக நடிப்பது சுகுமாறனின் மனைவி சந்திரகலா. இதற்குமுன் மேடை ஏறியதே இல்லை. கண்ணைச் சோதிக்கக் கடைக்கு வந்த இயக்குநர் திருமுருகன், பக்கத்தில் சந்திரகலா போனில் சமையல் கேஸ் தோம்பு கொண்டுவந்து போடுகிறவனைத் திட்டிக்கொண்டிருந்ததைக் கேட்டு, எழுத்துப் பலகையைப் படிக்க மறந்துவிட்டார். "அக்காவ எனக்குக் குடுங்கண்ணே" என்று கையோடு கேட்டார். சந்திரகலா மூன்று மாதமாகக் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு வசனம் பழகினார். கணவர் காதில் விழுந்துவிடக் கூடாது என்று குழாயை வேறு திறந்து வைத்துக்கொள்வார்.

ஞாயிறு மதியப் பிரிவியூவுக்கு முன்னால் திருமுருகன் சுகுமாறனைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அண்ணே, ஷோ ரொம்ப நீளம். வெள்ளிக்கிழமை ஓப்பனிங். ஒரு சீன வெட்டியே ஆகணும். ஒன்னு பக்கத்து வீட்டுச் சண்ட, இல்லனா அக்காவோட போன் சீன். இத உங்ககிட்ட கேக்கக் கூடாது. ஆனா வேற யாரும் எனக்கு உண்மையச் சொல்ல மாட்டாங்க."

"கேட்டுட்டு வரேன் தம்பி" என்றார் சுகுமாறன். போன் சீன் போனால் சந்திரகலாவுக்கு மிஞ்சுவது கதவைத் திறந்து மூடுவது மட்டும்தான் என்பது அவருக்குத் தெரியும்.

அன்று வரிசையில் அவர் கேட்டது இதுதான். முதலில் வந்த தம்பதியில் மனைவி, "ஓக்கே லா" என்றார். கணவரும் சிரித்துக்கொண்டே, "ஓக்கே லா" என்றார். பின்னால் வந்த கல்லூரிப் பெண்கள் ஒருத்தி மாற்றி ஒருத்தி, "ஓக்கே லா, ஓக்கே லாப்பா" என்று இழுத்து இழுத்துச் சொல்லிச் சிரித்தார்கள். வரிசை முழுக்க அதே பேச்சு. கிண்டல் செய்கிறார்கள் என்றே சுகுமாறன் எடுத்துக்கொண்டார். பல பேர் டிக்கெட்டைத் தலைகீழாகச் செருகியதையும் பார்த்தார். மெஷினில் ஏதோ கோளாறு என்று விட்டுவிட்டார்.

மாடிப்படியில் ஒரு கணம் நின்றார். ஒரே ஒரு பொய். அதைச் சொன்னால் யாருக்கும் நஷ்டமில்லை, வீட்டிலும் சந்தோஷம். ஆனால் நாக்கு அப்படிப் பழகவில்லை.

"ஓக்கே லாதான் தம்பி" என்றார் திருமுருகனிடம். "ஒருத்தர் பாக்கியில்ல."

திருமுருகன் தலை குனிந்துகொண்டார். சந்திரகலா பக்கத்திலேயே, பஞ்சில் எண்ணெய் தொட்டு முகச்சாயத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். பாதி முகம் கிழவியாகவும் பாதி முகம் சந்திரகலாவாகவும் இருந்தது.

"வெட்டிருங்க தம்பி" என்றார். "எனக்கு ஒன்னும் இல்ல." பிறகு கணவரைப் பார்க்காமல், "நீங்க போய்க் காடிய எடுங்க" என்றார்.

சுகுமாறன் காரை எடுக்கக் கீழே இறங்கினார். இந்தத் தடவை உண்மையாகவே காசு கட்டுவதற்காக வரிசையில் நின்றார். அவருக்கு முன்னால் ஓர் அம்மாவும் மகளும். லிஃப்டில் கூட்டம் என்று படியில் இறங்கி வந்தவர்கள் போலிருக்கிறது. அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"முட்டி வலிக்குதாம்மா?" என்றாள் மகள்.

"ஓக்கே லா."

"நீயும் அந்தம்மா மாதிரியே சொல்லாத. நெசமா சொல்லு."

அம்மா முழங்காலை ஒருமுறை தேய்த்துவிட்டுக்கொண்டார். பிறகு, "வலிக்குது" என்றார். "ரொம்ப நாளா வலிக்குது."

சுகுமாறன் வரிசையில் நின்று யாரிடமும் ஒரு கேள்வி கேட்டவரில்லை. அன்று கேட்டார். "எந்தம்மா மாதிரிங்க?"

"டிராமாவுல போன் பேசுவாங்களே, அங்கிள். மகன் சிங்கப்பூர்லேருந்து கேப்பான், லிஃப்ட் சரியாச்சா, சாப்டியா, மருந்து இருக்கான்னு. எல்லாத்துக்கும் ஓக்கே லா, ஓக்கே லான்னே சொல்வாங்க. ஒன்னுமே ஓக்கேயா இருக்காது." அவள் டிக்கெட்டைச் செருகினாள். மெஷின் வெளியே தள்ளியது. நேராகத் திருப்பிச் செருகினாள். "ஏன், நீங்க பாக்கலையா?"

சுகுமாறன் வரிசையை விட்டு விலகினார். படியேறி ஓடினார். அவர் வயதுக்கும் சர்க்கரைக்கும் அது ஓட்டம்தான்.

மேலே நாற்காலிகளை அடுக்க ஆரம்பித்திருந்தார்கள். திருமுருகன் வசனத் தாளில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

"தம்பி, நிறுத்துங்க. நான் சொன்னது தப்பு. அவங்க மார்க் போடல. இவ வசனத்தத்தான் சொல்லிக் காமிச்சிருக்காங்க. வரிசை முழுக்க."

திருமுருகனுக்குப் புரியச் சற்று நேரமானது. புரிந்ததும் பென்சிலைக் கீழே வைத்தார். "உள்ளதானண்ணே இருந்தீங்க? வசனம்னு தெரியலையா?"

இத்தனை வருட ரகசியத்தைச் சுகுமாறன் அப்போதுதான் சொன்னார். "நான் பாக்கல தம்பி. எப்பவுமே பாக்க மாட்டேன். லைட்டு போனதும் எந்திரிச்சிப் போயிருவேன்."

சந்திரகலா திரும்பிப் பார்த்தார். கையில் பஞ்சு அப்படியே இருந்தது.

"பாக்கவே இல்லையா?" என்றார். குரல் உயரவில்லை. "கடைசி வரிசையில இருக்கீங்கன்னு நெனச்சி, அந்த இருட்டப் பாத்துல்ல அவ்வளவும் பேசினேன்."

சுகுமாறனுக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, ஆளில்லாத ஒரு நாற்காலியைப் பார்த்து அவள் பேசிக்கொண்டிருந்ததை நினைக்கப் பயமாக இருந்தது. மன்னிப்புக் கேட்கத் தெரிந்தவரில்லை. நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தவர்களிடம் போய் ஒன்றை வாங்கிவந்தார். கடைசி வரிசை இருந்த இடத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"இப்பப் பேசு, கலா."

சந்திரகலா பஞ்சைக் கீழே வைத்தார். பிறகு பாதி துடைத்த முகத்தோடு மேடையேறினார். போனை எடுத்துக் காதில் வைத்தார். வைத்தவர், மறுபடி இறக்கினார்.

"அங்கேருந்து கிளியரா இருக்கா?"

சுகுமாறனுக்கு "ஓக்கே லா" என்று நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. எழுந்து, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு முன்வரிசை இருந்த இடத்துக்கு நடந்துபோய், மேடைக்கு நேரெதிரே போட்டு உட்கார்ந்தார்.