தேவசேனா கட்டிய பார்சல்

ஆந்திர எல்லையோரத்து நகரியில் தேவசேனா கட்டும் பார்சலைக் கேலி பேசாதவர்கள் குறைவு. சேலையை மடித்து ஒரு பாலிதீன் உறையில் போடுவாள். அதற்கு மேல் இன்னொரு உறை, அதற்கு மேல் கூரியர் கவர். அதோடு விட்டால் தேவலையே! பழுப்பு டேப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள் என்றால் நீளவாக்கில், குறுக்குவாக்கில், மூலைக்கு மூலை என்று கவரே கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சுற்றித் தள்ளிவிடுவாள்.

"சேலைய அனுப்பறியா, பூதத்த கட்டி அனுப்பறியா?" என்று கேட்பான் அவள் புருஷன் தணிகைவேல். வீட்டுக்குப் பின்னால் இரண்டு பவர்லூம் வைத்து ஓட்டுகிறவன். நெய்வது அவன் பாடு, ஃபோனில் படம் போட்டு விற்பதும் கட்டி அனுப்புவதும் அவள் பாடு.

"நீ ஒன் தறிய பாரு மாமா," என்பாள் தேவசேனா, நிமிரக்கூட மாட்டாள்.

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. விற்க ஆரம்பித்த வருஷத்து முதல் மழையில் வேலூருக்குப் போன சேலை ஒன்று தண்ணீரில் ஊறி, சாயம் ஓடி, பார்க்கச் சகிக்காமல் திரும்பி வந்தது. அன்றைக்கு அழுதவள்தான். அதற்குப் பிறகு அவள் பார்சலில் ஒரு சொட்டு ஈரம் இறங்கியதில்லை. அதில் அவளுக்கு ஏகப்பட்ட பெருமை.

அந்தப் பெருமைக்கு வேட்டு வைத்தது திருப்பதியிலிருந்து வந்த ஒரு படம். கரும்பச்சைச் சேலை, கடுகு நிறக் கரை. விரித்துப் போட்டுப் படம் எடுத்திருந்தார்கள். உடம்பெல்லாம் விரல் நீளத்துக்குக் கீறல்கள், மடிப்புக்கு ஒன்றாக, வரிசையாக. வாங்கியவர் பெயர் ஸ்வர்ணலதா. தேவசேனா உடனே ஃபோன் போட்டாள்.

"இது தறியில வுழுந்த கிழிசல் இல்லம்மா. கத்தி பட்டது."

"ஆமாம்மா, பிரிக்கும்போது பட்டுது," என்றது எதிர்க்குரல். தெலுங்கு வாசனை அடிக்கும் தமிழ். "கத்திரி ஏறலை. பிளேடு வெச்சுத்தான் பிரிச்சேன். நான் மலையில முடி எடுக்கற வேலை பாக்கறேன், பிளேடு கைக்குப் பழக்கம்..."

கேட்டுக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இருந்தால் அவள் தேவசேனா இல்லையே! "தெனமும் கத்தி புடிக்கிற கைக்கு இது கூடவா தெரியாது? கட்டிப் பாத்துட்டு, புடிக்கலன்னு கிழிச்சிப்புட்டு, இன்னா கத வுட்டுக்கினு கீறீங்க?"

எதிர்ப்பக்கம் பட்டென்று ஃபோன் வைக்கப்பட்டது. மறுநாள் அவளுடைய ஆன்லைன் கடைப் பக்கத்தில் ஒற்றை நட்சத்திரத்தோடு ஒரு குறிப்பு விழுந்தது: 'சேலை நல்ல சேலை. விற்கிற வாய்தான் நல்லா இல்லை.'

தணிகைவேல் அதை இரண்டு தடவை படித்தான். சிரிப்பை அடக்க அவன் பட்ட பாடு அவனுக்குத்தான் தெரியும். பிறகு முகத்தைச் சரி செய்துகொண்டு சொன்னான்: "நேரா போய் பாத்துட்டு வந்துடு. அந்த நெறத்துல ஒன்னே ஒன்னு மிச்சம் கீது. அந்தப் பாவு நூல் முடிஞ்சி போச்சி, இனிமே நெய்யவும் முடியாது. அந்தம்மா சொல்றது நெஜம்னா குடுத்துடு. இல்லன்னா எடுத்துக்கினு வந்துடு."

வெளியே தூறல். தேவசேனா அந்தக் கடைசிச் சேலையையும் தன் வழக்கப்படியே கட்டினாள். கொஞ்சம் கூடுதலாகவே கட்டினாள் என்று வையுங்கள். புத்தூர் தாண்டித் திருப்பதி போய்ச் சேரும்வரை பஸ்ஸில் அதை மடியை விட்டு இறக்கவில்லை. வாய்க்குள் சண்டைக்கு வேண்டிய வசனமெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது.

விலாசம் ஒரு சந்துக்குள் மாடிப் போர்ஷனில் கொண்டுபோய் விட்டது. கதவைத் திறந்த ஸ்வர்ணலதாவுக்கு ஐம்பது வயதிருக்கும். வந்தவள் யார் என்று தெரிந்ததும் அவர் முகம் சுருங்கியது. ஆனாலும் முதலில் சொம்பில் தண்ணீர் கொடுத்தார். தண்ணீரைக் குடித்துவிட்டுச் சண்டை போடுவது எப்படி? தேவசேனா தடுமாறி உட்கார்ந்தாள்.

"வெள்ளிக்கிழமை என் பொண்ணுக்கு சீமந்தம்," என்றார் ஸ்வர்ணலதா. "அவளுக்குன்னு ஆசையா வாங்கினது. மாசமா இருக்கற பொண்ணுக்கு எடுத்த சேலையில பிளேடு பட்டுதேன்னு பாதி உசுரு போச்சு. மீதி உசுர நீ எடுத்துட்டே."

"நான் இன்னாக்கா..."

"என் கைய சொன்னியே! இத்தனை வருஷத்துல எந்தப் பச்சக் கொழந்தை தலையிலயும் ஒரு பொட்டு ரத்தம் காட்டாத கை இது. இப்ப கொழந்தைய மடியில வெச்சா நடுங்குது. கொழந்தைங்க வந்தா பக்கத்துல முடி எடுக்கற யாமினிகிட்ட தள்ளி வுட்டுட்டு உக்காந்திருக்கேன். எத்தனை நாளைக்கு தள்ளுவேன்? இந்தக் கை போச்சுன்னா எனக்கு வேற என்ன தெரியும்?"

தேவசேனா பையிலிருந்து பார்சலை எடுத்து நீட்டினாள். "அதே சேலைதான்க்கா. இதான் கடைசி. எடுத்துக்கோங்க."

ஸ்வர்ணலதா இரண்டு கைகளையும் முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டார். "நான் தொடமாட்டேன். கட்டினவளே பிரி."

இது என்ன பிரமாதம் என்றுதான் தேவசேனா ஆரம்பித்தாள். நகத்தால் டேப்பின் நுனியைத் தேடினாள். நுனி எங்கே இருக்கிறது? சுற்றியவளுக்கே தெரியவில்லை. பல்லால் கடித்தாள். வீட்டுச் சாவியால் குத்தினாள். அவரிடம் கத்திரி வாங்கிப் பார்த்தாள், அது வழுக்கிக்கொண்டு ஓடியது. வியர்த்து வழிந்தது.

"அந்த பிளேடு குடுங்கக்கா," என்றாள் கடைசியில்.

ஸ்வர்ணலதா கொண்டுவந்து கொடுத்தார். தேவசேனா பிளேடை டேப்பின் மேல் வைத்தாள். வைத்த கை அப்படியே நின்றுவிட்டது. எவ்வளவு அழுத்துவது? கொஞ்சம் அழுத்தினால் டேப் அறுபடாது. இன்னும் கொஞ்சம் அழுத்தினால் சேலை. நடுவில் ஒரு காகிதம் இல்லை, ஓர் அட்டை இல்லை.

"பாத்தியா?" என்றார் ஸ்வர்ணலதா. "தலைன்னா தோல் எங்க இருக்குன்னு விரலுக்குத் தெரியும்மா. ஒன் பார்சல்ல டேப் எங்க முடியுது, சேலை எங்க ஆரம்பிக்குதுன்னு எந்தக் கைக்குத் தெரியும்?"

தேவசேனாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. மழைக்குப் பயந்தாள், ரோட்டுக்குப் பயந்தாள், கூரியர்காரன் தூக்கிப் போடுவதற்குப் பயந்தாள். கடைசியில் அதை வாங்கிப் பிரிக்கப்போகும் ஒரு மனுஷியைப் பற்றி ஒரு நாளாவது நினைத்தாளா? பிளேடைத் தரையில் வைத்தாள். பாழாய்ப்போன கண்ணும் கலங்கிவிட்டது.

"வுரிச்சிதான்க்கா எடுக்கணும்," என்றாள்.

இரண்டு பேரும் எதிரெதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, டேப்பை நகத்தால் சுரண்டிச் சுரண்டி உரித்தார்கள். ஒரு பட்டை வந்தால் அடியில் இன்னொரு பட்டை. உள் உறை டேப்போடு சேர்ந்து ஒட்டிக்கொண்டு வர, சேலையின் கரை வெளியே தெரிந்தது. ஒட்டின இடத்தில் ஓர் இழை இழுபட்டாலும் போச்சு. தேவசேனா மலை இருக்கும் திசையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"ஏழுமலையானே! இந்தச் சேல ஒரு கீறல் இல்லாம வந்துடட்டும், என் முடிய ஒனக்கே குடுத்துடறேன்!"

ஸ்வர்ணலதா நிமிர்ந்து, இடுப்புக்குக் கீழே தொங்கிய அவளுடைய பின்னலைப் பார்த்தார். "வேண்டிக்கிறதுன்னா யோசிச்சு வேண்டிக்கோ பொண்ணே. மலை பக்கத்துலதான் இருக்கு." அவ்வளவு நேரத்தில் முதல் தடவையாக அவருக்குச் சிரிப்பு வந்தது.

சேலை வந்தது. இரண்டு பேரும் ஆளுக்கொரு முனை பிடித்து, ஜன்னல் வெளிச்சத்தில் முழுதும் விரித்துப் பார்த்தார்கள். ஒரு கீறல் இல்லை. ஸ்வர்ணலதா அதை மடித்துச் சாமி படத்தின் அடியில் வைத்துவிட்டுத் திரும்பும்போது, தேவசேனா அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"தப்பு என் கை மேலக்கா. ஒங்க கை மேல இல்ல. நான் பேசினது பெரிய பாவம்."

அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

ஊருக்குத் திரும்பிய தேவசேனா பார்சலை அடியோடு மாற்றினாள். இப்போது உறைக்கு மேல் கனமான அட்டை ஒன்று வைக்கிறாள். அட்டைக்கும் கவருக்கும் நடுவே முறுக்கிய நைலான் நூல் ஒன்று ஓடுகிறது, அதன் நுனி வெளியே முடிச்சுப் போட்டுத் தொங்கும். இழுத்தால் கவர் தானாகக் கிழிந்து வாய் திறக்கும். டேப் ஒரே ஒரு பட்டை. 'நூலை இழுங்கள், கத்தி வேண்டாம்' என்று தமிழிலும் தெலுங்கிலும் எழுதி ஒட்டுகிறாள். தெருவில் போகிறவர்களை எல்லாம் கூப்பிட்டுப் பிரிக்கச் சொல்லி, வாளித் தண்ணீரில் போட்டுப் பார்த்து, தணிகைவேலைப் பாடாய்ப் படுத்தித்தான் இதற்கு வந்து சேர்ந்தாள்.

சீமந்தம் நல்லபடியாக நடந்தது. அடுத்த வாரம் தேவசேனா மலை ஏறினாள். "ஒரு சேலைக்கு ஒரு தல முடியா!" என்று தணிகைவேல் புலம்பியது எதுவும் எடுபடவில்லை.

முடி எடுக்கும் கூடத்தில் ஸ்வர்ணலதாவைத் தேடிப் பிடித்து அவர் முன்னால் போய் உட்கார்ந்தாள். அவர் பதறிப்போனார். "யாமினிகிட்ட உக்காந்துக்கோம்மா. என் கை இன்னும் சரியா இல்லை."

"நீங்க எடுக்கலன்னா முடியோட ஊருக்குப் போயிடுவேன். சாமி கடன் ஒங்க தல மேல."

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். தலையில் தண்ணீர் விழுந்தது. நெற்றியில் வைத்த விரல் நடுங்குவது அவளுக்கே தெரிந்தது. ஆனாலும் அவள் அசையவில்லை. பிளேடு ஒரு முறை வழித்து இறங்கியது. நின்றது. இரண்டாம் முறை இறங்கியது. போகப்போக விரல் நிலைத்தது. கனமான முடி மடியைத் தாண்டித் தரையில் விழுந்துகொண்டே இருந்தது.

முடிந்ததும் தேவசேனா மொட்டைத் தலை முழுக்க உள்ளங்கையால் தேய்த்து, அந்தக் கையை ஸ்வர்ணலதாவின் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டினாள். ஒரு பொட்டுச் சிவப்பு இல்லை. ஸ்வர்ணலதா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பக்கத்தில் ஒரு தாய், வீறிட்டு அழும் கைக்குழந்தையோடு யாமினியின் முன்னால் உட்காரப் போனாள். ஸ்வர்ணலதா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளைப் பார்த்து இரண்டு கைகளையும் நீட்டினார்.

"இங்க வாம்மா. கொழந்தைய என்கிட்ட குடு."